பூசாத சுவரும் மேசன் கூலியும்

தருமபுரத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது ஓர் அக்கா என்னை மறித்தார்.

"பிள்ளை, உங்களிட்ட ஒரு யோசினை கேக்கோணும். கடன் அலுவலும் இல்லை, கடிதம் எழுதுற அலுவலும் இல்லை."

எங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு அலுவல்களுக்காகவே வருவதால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னெண்டு சொல்லுங்கோ அக்கா" என்றேன்.

"வீட்டுக்கு உள்பூச்சுப் பூசோணும். மேசனைப் பிடிக்கிறதோ, நானும் பிள்ளையுமாப் பூசுறதோ? ஆளாளுக்கு ஒண்டு சொல்லினம்."

சமூகவியல் பட்டப்படிப்பில் இதற்கு ஒரு பாடமும் இருக்கவில்லை. ஆனாலும் அவரோடு நடந்து போய் வீட்டைப் பார்த்தேன். இந்திய வீட்டுத்திட்டத்தில் 2013இல் கட்டிய வீடு. மெனிக்பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. அதற்கு அடுத்த மாதம், 2ஆம் திகதி, வடக்குக் கிழக்கில் 45,000 வீடுகளுக்கான அந்தத் திட்டம் தொடங்கியது. புதிய வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா, கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே வந்தது. வீட்டைக் கட்ட வேண்டியவர் வீட்டுக்காரர்தான். கல் அரிவதும், மணல் பறிப்பதும், மேசனைத் தேடிப் பிடிப்பதும் எங்கள் பெண்களின் தலையில் விழுந்த காலம் அது. இதை வாசிக்கும் உங்களில் எத்தனையோ பேர் அதைத் தாண்டி வந்தவர்கள் என்பதால் விரித்து எழுதத் தேவையில்லை.

அக்காவின் காசு கூரையோடு முடிந்துவிட்டது. முன் விறாந்தைச் சுவரை மட்டும் எப்படியோ பூசினார். உள்ளே இத்தனை வருடமும் சீமெந்துக் கல் அப்படியே தெரிகிறது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள பொத்தலுக்குள் மட்டத்தேள் இருக்கிறது. மாரியில் சுவர் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது, கோடையில் மா மாதிரித் தூசி உதிர்கிறது. மகளுக்கு இழுப்பு வருத்தம். கிளினிக்கில் தூசி இல்லாத இடத்தில் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். "தூசி இல்லாத இடத்துக்கு நான் எங்க போறது பிள்ளை?" என்று அக்கா கேட்டார்.

சீட்டுக் கட்டி எடுத்த 90,000 ரூபா அவர் கையில் இருந்தது. அறை இரண்டும், மண்டபமும், குசினியுமாக உட்சுவர் முழுவதையும் அளந்தால் ஏறக்குறைய 1,700 சதுர அடி வந்தது. ஒரு மேசன் முழுவதையும் ஒப்பந்தமாகப் பூசித் தருவதற்குக் கூலி மட்டும் ஒன்றரை இலட்சம் கேட்டிருந்தார். சீமெந்து, மணல், சில்லறைச் சாமான்களுக்கு 60,000 வரை வரும் என்பது கடைக்காரரின் கணக்கு. சாமான் செலவைவிடக் கூலி இரண்டு மடங்குக்கும் மேல் என்பதைக் கவனியுங்கள். கல் கட்டும் வேலையில் இப்படி வராது, பூச்சு வேலையில்தான் வரும். அதனால்தான் வீடுகள் பூச்சில் வந்து நின்றுவிடுகின்றன.

மிச்சக் காசுக்குக் கடன் எடுக்கலாம் என்று ஒரு அயலட்டைக்காரி சொல்லியிருக்கிறார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாராம். நுண்கடன் கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நின்ற காலத்தை வன்னியில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்ததென்றால் நிலைமை எவ்வளவு மோசமாகியிருந்தது என்பது விளங்கும். சுவர் பூசுவதற்குக் கடன் எடுக்க வேண்டாம் என்பதில் நானும் அக்காவும் ஒரே பக்கம்.

ஆனால் காசு மட்டுமல்ல பிரச்சினை. அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மேசன் வந்து பத்துப் பதினைஞ்சு நாள் வீட்டுக்குள்ள நிண்டா ஊர் கதைக்கும். குமர்ப்பிள்ளை இருக்கிற வீடு. நாங்கள் பூசினா ஊர் சிரிக்கும்." 2013இல் அத்திவாரத்துக்கென்று 40,000 ரூபா முற்பணம் வாங்கிய ஒருவர் இரண்டு நாள் வேலை செய்துவிட்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டார். அவரைத் தேடி இந்த அக்கா சைக்கிளில் மூன்று கிராமம் அலைந்திருக்கிறார். அந்த நேரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் ஒன்றாக எழும்பின. நல்ல மேசன்மாருக்குத் தட்டுப்பாடு. சாந்தகப்பை பிடிக்கத் தெரிந்தவரெல்லாம் மேசன் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். பொறுப்பாக வேலை செய்து தந்தவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களும் எங்களைப்போல எல்லாவற்றையும் விட்டு வந்தவர்கள்தானே.

என்னுடைய சொந்த அனுபவம் ஒன்றை இங்கே சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாக இராது. 2014இல் வட்டக்கச்சியில் எங்கள் வீட்டுக் குசினியை நானும் அம்மாவும் பூசினோம். பட்டம் முடித்த திமிர் எனக்கு. இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். காலையிலேயே ஒரு பை சீமெந்து முழுவதையும் குழைத்துக் குவித்துவிட்டோம். பத்து மணிக்கு அது இறுகத் தொடங்கியது. தண்ணீர் விட்டுத் திரும்பக் குழைத்தோம். மத்தியானம் இன்னொரு தரம் தண்ணீர் விட்டோம். சுவரை நனைக்கவில்லை. மணலை அரிக்கவும் இல்லை. பூசி முடித்தபோது பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஒரு மாதத்தில் வெடிப்பு விட்டது. தட்டினால் வெறும் பானை மாதிரிச் சத்தம் கேட்டது. அடுத்த மாரியில் ஒரு பாகம் அப்படியே கழன்று அம்மாவின் அடுப்படியில் விழுந்தது. நல்ல காலம், அம்மா அப்போது கிணற்றடியில் நின்றார். என் விரல் நுனிகளைச் சீமெந்து தின்று, ஒரு கிழமை சோறு குழைக்க முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன்.

ஆகவே "பெண்களால் முடியாதது ஒன்றும் இல்லை" என்று இந்தப் பக்கத்தில் சுலபமாக எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பூச்சு என்பது பழக வேண்டிய தொழில்.

ஆனால் இன்னொன்றையும் யோசித்தேன். எங்கள் அம்மம்மாமார் மண்வீட்டில் இருந்தவர்கள். களிமண் குழைத்து, வைக்கோல் கலந்து, சுவர் வைத்து, கையாலேயே அதை இழைத்து, சாணியும் மண்ணும் கலந்து மெழுகியவர்கள் அவர்கள்தான். தைப்பொங்கலுக்கு முதல் வீடு முழுவதும் புதுசாகும். அதற்கு ஒருவரும் கூலி கொடுக்கவில்லை, தொழில் என்று ஒரு பெயரும் வைக்கவில்லை. மண் போய்ச் சீமெந்து வந்து, அதற்கு நாட்கூலி என்று ஒன்று வந்ததும் அது ஆம்பிளையள் வேலையாகிவிட்டது. தமிழ்நாட்டிலும் கட்டட வேலைத்தளங்களில் பெண்கள் ஏராளமாக வேலை செய்கிறார்கள். அவர்களைச் 'சித்தாள்' என்பார்கள். கல்லும் சாந்தும் சுமந்து வயது போய்விடும், கரண்டி பிடிக்கும் கொத்தனாராக யாரும் உயர்த்துவதில்லை. எங்கள் ஊரில் மேசனுக்குச் சாந்து குழைத்துக் கொடுக்கும் கையாளுக்கு 'முட்டாள்' என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிக்கலாம், ஆனால் சாந்தின் பதம் தெரியாத முட்டாள் நின்றால் எந்த மேசனின் பூச்சும் நிற்காது.

மாறாத விடயம் என்று நினைக்க வேண்டாம். கேரளாவில் ஏற்றுமானூரிலுள்ள அர்ச்சனா மகளிர் நிலையம் பெண்களுக்கு மேசன் வேலை பழக்கி வருகிறது. எங்கள் பக்கத்திலும் வீட்டுத்திட்டக் காலத்தில் பெண்களுக்குக் கட்டட வேலைப் பயிற்சிகள் நடந்தன. பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேர் தொடர்ந்து அந்த வேலைக்குப் போகிறார்கள் என்பது வேறு கதை. சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது, அந்தச் சுவர் பூசப்படாமல் இருக்கிறது. இப்படி ஒரு வீட்டை நான் என் கண்ணால் கண்டேன்.

ரொறன்ரோவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அக்காவோடு இதைப்பற்றிக் கதைத்தேன். அங்கே உட்சுவருக்குச் சாந்து பூசுவதில்லை. மரச் சட்டத்தில் ஜிப்சம் பலகையை ஆணிமுறுக்கி அறைகிறார்கள். 'டிறைவோல்' என்பார்கள். இரண்டு பக்கமும் தடித்த கடதாசி, நடுவில் ஜிப்சம். 1894இல் அமெரிக்காவில் ஒகஸ்டீன் சாக்கெற் என்பவர் இதன் முந்திய வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். அங்கேயும் எங்கள் அக்காவின் கேள்விதான் கேட்கிறார்களாம். நாங்களே செய்வதா, ஆள் பிடிப்பதா? "பலகை அறையிறது ஆரும் செய்யலாம். மூட்டுத் தெரியாமல் பசை இழுத்துத் தேய்க்கிறதிலதான் ஆள் ஆரெண்டு தெரியும். நாங்கள் நிலவறையைச் செய்து, பிறகு லைற்றைப் போட்டுப் பாத்தா ஒவ்வொரு மூட்டும் தழும்பு மாதிரி நிண்டது" என்று சொல்லிச் சிரித்தார். அந்தப் பலகை எங்களுக்குச் சரிவராது. கடதாசியைக் கறையான் விடாது, வெள்ளம் வந்தால் ஊறிவிடும். 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வீடுகளுக்குள் வெள்ளம் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். 2016இல் 65,000 இரும்புப் 'பொருத்து வீடு' தருகிறோம் என்று ஒரு திட்டம் வந்தபோது பலர் எதிர்த்ததற்கும் இதுவே ஒரு காரணம். உடைந்தால் எங்கள் ஊர் மேசனே திருத்தக்கூடிய, எங்கள் ஊர் ஆட்களுக்கே வேலை தரக்கூடிய கல்வீடுதான் வேண்டும் என்று கேட்டார்கள். அந்தத் திட்டம் சொன்னபடி நடக்கவில்லை.

சரி, அக்காவின் வீட்டுக்கு வருவோம்.

என் அனுபவத்தைச் சொன்னதும் அவர் யோசித்துவிட்டு, "அப்ப மேசன்தான் எண்டுறீங்களோ?" என்றார். எனக்குத் தெரிந்த ஒரு வயதான மேசன் அண்ணையைக் கேட்டுப் பார்ப்போம் என்றேன். அவர் ஆனையிறவுக்கு இங்காலை எத்தனையோ வீடு பூசியவர். இப்போது முதுகு ஏலாமல் குறைவாக வேலை செய்கிறார். அவர் வந்து சுவர்களைத் தட்டிப் பார்த்து, தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்ன ஒரு விடயம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

"பூச்சில ரெண்டு வேலை இருக்குப் பிள்ளையள். ஒண்டு மட்டம் பிடிக்கிறது. மற்றது சாந்தை நிரப்பித் தேய்க்கிறது. மட்டம் பிடிக்கத்தான் மேசன் வேணும். நிரப்புறது பழகலாம்."

அவர் சொன்ன முறை இதுதான். முதலில் மேசன் தூக்குக்குண்டும் நூலும் பிடித்து, சுவரில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறு சாந்துத் திட்டுகளை ஒரே மட்டத்தில் வைப்பார். அவை காய்ந்ததும் மேலிருந்து கீழாகத் திட்டுக்கும் திட்டுக்கும் இடையில் சாந்துப் பட்டி இழுப்பார். இரண்டு பட்டிகளுக்கு நடுவில் சாந்தை அடித்து நிரப்பி, நேரான மட்டக்கம்பைப் பட்டிகளின் மேல் வைத்து இழுத்தால் மிச்சம் வழிந்துவிடும், சுவர் தானாக மட்டத்துக்கு வரும். பிறகு மட்டப்பலகையால் தேய்ப்பது. திட்டும் பட்டியும் பிழைத்தால் எல்லாமே பிழைக்கும். அவை சரியென்றால் புதிதாகப் பழகுபவரும் ஓரளவு நன்றாகச் செய்யலாம். யன்னல், நிலை ஓரங்களும் மூலைகளும் மட்டும் மேசனின் கைக்கு விட வேண்டியவை.

நாங்கள் மூவரும் திண்ணையில் இருந்து கணக்குப் போட்டோம். மேசன் அண்ணையின் நாட்கூலி 4,500. ஒரு மேசனும் ஒரு கையாளும் நாளுக்கு ஏறக்குறைய 120 சதுர அடி பூசினால் 1,700 அடிக்கு 14 நாள். தாயும் மகளும் கையாளாக நின்று, மேசனே முழுக்கப் பூசினால் 63,000. சாமான் 60,000. மொத்தம் 1,23,000. கையில் இருப்பது 90,000. மேசன் ஐந்து நாள் மட்டும் வந்தால் 22,500, சாமானோடு 82,500. அந்த ஐந்து நாளில் மட்டம் பிடித்து, ஒரு சுவரை முழுதாகப் பூசிக் காட்டி, ஓரங்களையும் முடித்துத் தருவார். மிச்சம் தாயும் மகளும்.

அக்காவின் இடது தோளில் ஒரு ஷெல் துண்டு இருக்கிறது, எடுக்க முடியாத இடத்தில். கையைத் தோளுக்கு மேலே தூக்க ஏலாது. இது அவர் சொல்லாமல் விட்ட விடயம். சாரத்தில் ஏறி நின்று பார்த்தபோதுதான் தெரிய வந்தது. சகோதரிகளே, நாங்களே செய்வதா என்று யோசிக்கும்போது முதலில் உங்கள் உடம்பைக் கேளுங்கள். எங்களில் எத்தனை பேருடைய உடம்பில் இரும்பு இருக்கிறது, எத்தனை பேருக்கு ஒரு காலில் பலம் குறைவு! சாந்து நிரம்பிய தாச்சியைத் தூக்கிக்கொண்டு ஏணியில் நிற்பது விளையாட்டல்ல. அக்கா நெஞ்சு மட்டத்துக்குக் கீழே பூசுவதாகவும், மேலே மகள் பூசுவதாகவும், மகளுக்கு இழுப்பு இருப்பதால் காய்ந்த சீமெந்துப் பையை அவிழ்ப்பதும் கலப்பதும் அக்கா மட்டுமே என்றும், அந்த நேரம் மகள் வெளியே நிற்பதென்றும் ஒழுங்கு செய்தோம். மகள் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டுதான் பூசினாள்.

வேலை தொடங்கியபின் நான் மூன்று தரம் போய்ப் பார்த்தேன். அங்கே கற்றதைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும்.

மணல்தான் முதல் விடயம். ஒரு கண்ணாடிப் போத்தலில் நாலு விரல் உயரத்துக்கு மணல் போட்டு, தண்ணீர் விட்டுக் குலுக்கி, சில மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். மணலுக்கு மேலே கால் விரல் தடிப்புக்கு மேல் சேறு படிந்தால் அந்த மணல் பூச்சுக்கு ஆகாது. கழுவ வேண்டும், அல்லது வேறு வாங்க வேண்டும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருப்பவர்கள் கடல் மணலை எடுக்க வேண்டாம். உப்புப் பூத்து, சுவர் எப்போதும் ஈரமாகவே இருக்கும். கண்ட இடத்தில் மண் கிண்டுவதும் எங்கள் மாவட்டங்களில் ஆபத்தானது, கண்ணிவெடி அகற்றிய இடமா என்று தெரியாமல் மண்வெட்டி போடாதீர்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் இரவில் வரும் மணல் மலிவுதான். ஆனால் பிடிபட்டால் உழவு இயந்திரக்காரனுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் அலைச்சல்.

சீமெந்து ஒன்றுக்கு அரித்த மணல் ஐந்து என்ற கணக்கில் ஒரே வாளியால் அளந்து கலந்தார்கள். பத்துக்குப் பத்து அடி அறை ஒன்றுக்கு, சுவர் உயரம் 9 அடியென்றால், கதவு யன்னல் கழித்து 320 சதுர அடி. அரை அங்குலத் தடிப்புக்கு மூன்று பை சீமெந்தும் ஒரு கியூப் மணலில் ஐந்தில் ஒரு பங்கும் முடிந்தன. இந்தக் கணக்குத் தெரிந்திருந்தால் கடையில் யாரும் உங்களுக்கு ஆறு பை தலையில் கட்ட முடியாது. 2022 நெருக்கடியில் ஒரு பை 3,000 ரூபா வரை போனதை நினைத்தால், ஒரு பை மிச்சம் பிடிப்பதும் பெரிய விடயம். மிஞ்சிய பையை வைத்துப் பிறகு பாவிக்கலாம் என்பதும் எல்லா நேரமும் சரிவராது, மாரிக் குளிரில் கல்லாகிவிடும்.

எங்கள் குசினியில் நான் விட்ட பிழையை இவர்கள் விடவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் பூசி முடிக்கக்கூடிய அளவு மட்டும் குழைத்தார்கள். இறுகத் தொடங்கிய சாந்தில் தண்ணீர் விட்டுத் திரும்பக் குழைத்தால் அது பிறகு ஒருநாளும் பலமாக வராது. சுவரை முதல்நாள் பின்னேரமும் பூசுவதற்குச் சற்று முன்னரும் நனைத்தார்கள். காய்ந்த கல் சாந்திலிருக்கும் தண்ணீரைக் குடித்துவிடும், பிறகு பூச்சு ஒட்டாது. பூசி முடித்த மறுநாளிலிருந்து குறைந்தது ஏழு நாளைக்குத் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்திருந்தார்கள். வெறும் ஏழு நாள்தானே என்று நினைக்காதீர்கள். ஆடி ஆவணியில் கிணறு வற்றி, சோளகக் காற்று அடிக்கும்போது அந்தத் தண்ணீரை எங்கே அள்ளுவது? மாரி முடிந்து தை, மாசியில் தொடங்குவது புத்தி. அக்கா மாசியில்தான் தொடங்கினார்.

கைக்கு றப்பர் கையுறை போடுங்கள். துணிக் கையுறை வேண்டாம். அது சீமெந்துத் தண்ணீரை உறிஞ்சி, தோலோடு ஒட்டவைத்து இன்னும் கூடப் பொசுக்கும். தேங்காயெண்ணெய் பூசினால் காணும் என்பதும் சரியல்ல. கண்ணுக்குள் சாந்து தெறித்தால் கசக்காமல் நல்ல தண்ணீரால் 20 நிமிடமாவது கழுவிக்கொண்டே இருந்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மின்சாரக் குழாய்களைப் பூச்சுக்கு முதலே சுவரில் பதிக்க வேண்டும். அதற்குத் தகுதியுள்ள ஆளைத்தான் பிடிக்க வேண்டும். இதில் இரண்டாவது யோசனை வேண்டாம். யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் பெரிய வெடிப்பு இருந்தாலும் பூசி மறைக்காதீர்கள். அது அத்திவாரத்தின் கோளாறாக இருக்கலாம். பிரதேச செயலகத்திலோ பிரதேச சபையிலோ தொழினுட்ப உத்தியோகத்தரைக் கேட்டுக் காட்டுங்கள்.

மேசனைப் பிடிப்பவர்கள் முழு ஒப்பந்தமாகவே கொடுக்க விரும்பினால், இத்தனை சதுர அடி, இத்தனை ரூபா, இத்தனை நாள் என்று ஒரு கொப்பித் தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். காசை அறை அறையாகக் கொடுங்கள். கடைசிப் பங்கைப் பூச்சு ஏழு நாள் நனைந்து முடிந்து, தட்டிப் பார்த்தபின் கொடுக்கலாம். நல்ல மேசன் இதற்குக் கோபிக்க மாட்டார். ஊர்க்கதைக்குப் பயந்தவர்கள் அக்கா செய்ததைச் செய்யலாம். மேசன் வந்த ஐந்து நாளும் பக்கத்து வீட்டு ஆச்சியை விறாந்தையில் இருத்தி, மூன்று வேளையும் தேத்தண்ணீர் கொடுத்தார். ஆச்சிக்கும் பொழுது போனது. ஒரு பெண் தன் வீட்டைத் திருத்துவதற்கு ஒரு சாட்சியையும் சேர்த்து வைத்திருக்க வேண்டியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் இருக்கப்போவது நான் இல்லை, அக்காதான்.

வேலை முடிய ஆறு கிழமை பிடித்தது. மகள் பூசிய முதல் சுவர் அலை அலையாகத்தான் நிற்கிறது. அதற்கு முன்னால் அலுமாரியை வைத்துவிட்டார்கள். மூன்றாவது சுவரில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மேசன் அண்ணை மட்டக்கம்பை வைத்துப் பார்த்து, "ம்" என்றார். அவர் அப்படித்தான் பாராட்டுவார் என்று பிறகு அறிந்தேன். குசினிச் சுவரில் ஓரிடத்தில் நுண்ணிய வெடிப்பு இருக்கிறது. தண்ணீர் ஊற்ற மறந்த இரண்டு நாளின் வேலை அது என்று மகளே சொன்னாள். தூசி நின்றுவிட்டது. இழுப்பு முழுக்க நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. இரவில் பம்பைத் தேட வேண்டியதில்லை என்கிறாள்.

சென்ற கிழமை அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். அடுத்த ஒழுங்கையில் ஒரு வீட்டில் உள்பூச்சு. அதே மேசன் அண்ணைக்குக் கையாளாக மகளைக் கேட்டிருக்கிறார்கள். "பொம்பிளைப் பிள்ளைதானே, 1,500 தாறம்" என்றார்களாம். ஆம்பிளைக் கையாளுக்கு 3,000.

"என்ன கேக்கிறது பிள்ளை?"

"அதே வேலை எண்டா அதே காசு கேளுங்கோ அக்கா."

"கேட்டா கூப்பிடாமல் விட்டிடுவினம்."

அதுவும் நடக்கக்கூடியதுதான். என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. பயிற்சி இல்லாமல் வேலையிலேயே பழகியவர்களும் திறமையைக் காட்டித் தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற வழியிருக்கிறது என்பதை மட்டும் சொன்னேன். விபரம் எடுத்துத் தருவதாகவும் சொன்னேன். அன்று பின்னேரம் மகளே கூப்பிட்டாள். 3,000 கேட்டாளாம். 2,000 என்றார்களாம். மேசன் அண்ணை இடையில் புகுந்து, சாந்து பதம் தெரிந்த முட்டாள் வேறு யாரும் தனக்கு இப்போது இல்லை என்று சொன்னாராம். 2,500க்கு முடிந்தது. திங்கட்கிழமை போகிறாள். கையுறை வாங்கியாயிற்று. சாந்தகப்பை இன்னும் மேசன் அண்ணையுடையதுதான்.